வெயிலில் தப்பிய வெள்ளை நத்தை

பசிபிக் பெருங்கடலின் டஹிட்டித் தீவில் வாழும் மரநத்தை, பார்த்துலா ஹயாலினா. ஓட்டின் நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். இதன் உறவு நத்தைகள் பலவும் பழுப்பு நிறமும் கோடுகளுமாக இருக்க, இதன் மெல்லிய ஓடோ வெளேரென்றிருக்கும். முட்டையிடாமல் குட்டி போடும். அதுவும் ஒரு முறைக்கு ஒன்றுதான். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரினம் ஒருமுறை குறைந்துவிட்டால் மீள்வது கடினம்.

அந்தச் சோதனை மனிதர் கையால் வந்தது. நம் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் செடிகளை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, 1967இல் டஹிட்டிக்குள் நுழைந்தது. அதை ஒழிக்க, நத்தைகளையே தின்னும் ஓநாய் நத்தையை 1974இல் கொண்டுவந்து விட்டார்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த இந்த வேட்டைக்காரி, மீசைபோல் நீண்ட உதடுகளால் இரையின் சளித்தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பின்தொடரும். சிறிய நத்தை என்றால் ஓட்டோடு விழுங்கிவிடும். பெருநத்தை ஒழியவில்லை. மாறாக, டஹிட்டி அடங்கிய தீவுக்கூட்டத்துக்கே உரிய பார்த்துலா இனங்களில் 50க்கும் மேற்பட்டவை காட்டிலிருந்து மறைந்துபோயின. கொடுமையான தவறு அது.

ஹயாலினா எப்படித் தப்பியது? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விடை தேடி அங்கு சென்றனர். ஏறத்தாழ அரிசி மணி அளவேயான, சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும் கணினிகளை ஓநாய் நத்தைகளின் ஓட்டில் ஒட்டினர். அருகிவரும் ஹயாலினாவைத் தொடவில்லை. அது பகலில் ஒட்டிக்கொண்டு உறங்கும் இலைகளின் மேலும் கீழும் கருவிகளைப் பொருத்தினர். அவற்றின் மின்கலம் மின்னேற்றம் பெறும் வேகமே அங்கு விழும் ஒளியின் அளவைக் காட்டிக்கொடுத்தது. 2021இல் முடிவு வெளியானது: ஹயாலினா இருக்கும் காட்டோர இடங்களில் விழும் ஒளி, ஓநாய் நத்தை நடமாடும் இடங்களைவிடச் சராசரியாகப் பத்து மடங்கு அதிகம். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நிறம் அடர்ந்த ஓநாய் நத்தை அந்த வெயிலுக்குள் வந்தால் சூடேறி உலர்ந்துபோகும்.

இதே வெண்மைக்காகத்தான் பழைய பாலினீசியர்கள் இதன் ஓடுகளை மாலையாகக் கோத்து அணிந்தனர். தொலைவிலுள்ள ஆஸ்திரல், குக் தீவுகளிலும் இந்த இனம் காணப்படுவதற்கு அவர்களது படகுப் பயணங்களே காரணம் என்று மரபணு ஆய்வுகள் சுட்டுகின்றன.

டஹிட்டியில் எஞ்சியிருக்கும் கூட்டங்களுக்கு இப்போது தேவை, காட்டோரத்து வெயில். ஓநாய் நத்தையைத் தீவிலிருந்து அடியோடு அகற்றுவது நடக்கக்கூடிய காரியமல்ல. வெயில் படும் அந்த ஓரத்து மரங்களை வெட்டாமலும், அங்கு நிழல் மூடாமலும் பார்த்துக்கொள்வது நடக்கக்கூடியது.