பாட்டி சோறும் பேத்தி கணக்கும்

"நான் சாப்பிடுவதோ கொஞ்சம், உடம்பு மட்டும் எங்கிருந்துதான் இப்படி வைக்கிறதோ தெரியவில்லை!"

இந்தப் புலம்பல் கேட்காத வீடு இன்று அபூர்வம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40 ஆகிவிட்டது. புலம்பலுக்கு அடுத்தபடியாக நம் வீடுகளில் நடப்பது என்ன? "நாளை முதல் காலைப் பலகாரம் கிடையாது, ராத்திரி சோறு கிடையாது" என்று ஒரு சபதம். பத்தாவது நாள் சபதமும் போகும். போன பசி வட்டியோடு திரும்பி வரும்.

சபதம் வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போட்டால் போதும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெரம்பலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி. தாயைப் பெற்றவளை அந்தப் பக்கத்தில் 'அம்மாயி' என்று அழைப்பார்கள். அரியலூர் டவுனில் பேத்தி. வயது 35, உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எடை 68 கிலோ. லீவுக்கு ஊருக்குப் போனவள், தட்டில் இரண்டு பிடி சோற்றை வைத்துக்கொண்டு விழிக்கிறாள்.

"ஏ புள்ள, இதென்ன சாப்பாடு? உன் வயசுல நான் இதைப்போல மூணு மடங்கு சாப்பிட்டேன். எனக்கு என்ன தொந்தியா வச்சுது?" என்கிறாள் அம்மாயி.

கிழவி சொல்வது உண்மைதான். ஆனால் பாதி உண்மை!

சோறும் கூலியும்

உணவு உடம்புக்குத் தரும் சக்தியை அளக்கும் அளவே கலோரி. கிலோமீட்டர் தூரத்தை அளப்பது போல, இதுவும் ஓர் அளவு, அவ்வளவுதான். மாவுச்சத்து ஒரு கிராமில் நாலு கலோரி, புரதம் ஒரு கிராமிலும் நாலு, கொழுப்பு ஒரு கிராமில் ஒன்பது. செலவானது போக மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கு இது: 55 கிலோ எடையுள்ள ஒரு பெண், உட்கார்ந்த வேலையே செய்பவளானால், நாளைக்குச் சுமார் 1,660 கலோரி போதும். அதே பெண் கடும் உழைப்பாளியானால் 2,720 வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 1,060. அரிசியாகச் சொன்னால் ஏறக்குறைய 300 கிராம்!

பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் களையெடுத்து, தண்ணீர் சுமந்து, உரலில் இடித்து, அம்மியில் அரைத்தாளே அம்மாயி, அந்த 300 கிராம் அரிசி அவள் உழைப்புக்கு உடம்பு கொடுத்த கூலி. பேத்திக்கு மிக்ஸி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. வேலை குறைந்துவிட்டது, சோற்றின் அளவு மட்டும் பரம்பரைச் சொத்தாக வந்துவிட்டது.

எத்தனை கலோரி?

முதலில், எடை அதிகம்தானா என்று பார்க்க வேண்டும். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினாலே ஜாக்கிரதை வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். நம் பேத்திக்கு 27-க்கு மேல் வருகிறது.

அடுத்தபடி, ஒரு வாரம் எதையும் குறைக்காமல், உண்டதை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். காப்பி, முறுக்கு, குழந்தை தட்டில் மிஞ்சிய தோசை, எல்லாமே! பாத்திரம் காலியாக வேண்டுமே என்று ராத்திரி பத்து மணிக்கு வாயில் போட்டுக்கொண்ட மிச்சச் சோற்றையும் எழுத மறக்கக் கூடாது. எடை ஏறாமல் இறங்காமல் இருந்தால், அந்த வாரச் சராசரியே உங்கள் செலவுக் கணக்கு. நம் பேத்திக்கு அது உத்தேசமாக 1,800 என்று வைத்துக்கொள்வோம்.

அதில் 300 முதல் 500 வரை குறைத்தால் போதும். அதாவது 1,300-லிருந்து 1,500 வரை. ஆரம்பத்தில் மாதம் ஒன்று, ஒன்றரைக் கிலோ இறங்கும். "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். 68 கிலோவில் மூன்றரைக் கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் நல்லது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே இறங்கக் கூடாது.

பட்டினியின் பழி

அவசரப்பட்டால் என்ன ஆகும்? 1944-45-ல் அமெரிக்காவில், மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். ஆறு மாத காலம் அவர்களுக்கு வழக்கமான ஆகாரத்தில் ஏறக்குறைய பாதிதான் கொடுக்கப்பட்டது. எடை கால்வாசி இறங்கியது. ஆனால் மனம் சோர்ந்தது, குளிர் தாங்கவில்லை, சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லை. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள்! தடை நீங்கியதும் சிலருக்கு எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை. பட்டினி கிடந்து இளைத்தவர்கள் மறுபடி பருப்பதன் ரகசியம் இதில் இருக்கிறது.

எதைக் குறைப்பது?

பேத்தி நாளைக்கு மூன்று காப்பி குடிக்கிறாள். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு தேக்கரண்டிக்கு 20 கலோரி. பாதியாக்கினால் 60 மிச்சம். தாளிப்பிலும் தோசையிலும் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் குறைந்தால் 120. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரித் தோப்பு. வீட்டு டப்பாவில் முந்திரிக்குப் பஞ்சமில்லை. மாலையில் கொறிக்கும் ஒரு கைப்பிடி, 30 கிராம், 175 கலோரி. ஆக மொத்தம் 355! சோற்றில் இன்னும் கையே வைக்கவில்லை, கவனித்தீர்களா?

கம்பு, வரகு சாப்பிட்டால் இளைக்கலாம் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. நூறு கிராம் கம்பிலும் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட சமம்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அது லாபம். அதற்காக அளவில்லாமல் சாப்பிட்டால் லாபம் நஷ்டமாகிவிடும். தட்டில் குறைந்த இடத்தைக் கீரையும் காய்கறியும் நிரப்பட்டும். பருப்பு, சுண்டல், மோர், முட்டை இவற்றைக் குறைக்காதீர்கள். கொழுப்புக்குப் பதில் சதை கரைந்துவிடும்.

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும். தினம் பார்ப்பது வீண் கவலை. சில மாதங்களில் எடை இறங்காமல் நிற்கலாம். உடம்பு இளைத்தால் அதன் செலவும் குறையும். கணக்கை மறுபடி போட வேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். வளரும் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கே ஆகாது.

தீபாவளி வரும், அம்மாயி அதிரசம் சுட்டு அனுப்புவாள். பேத்தி ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். பண்டிகைக்கு இடம் கொடுக்காத கணக்கு பொங்கல் வரைக்கும் தாங்காது. நாளைக் காலைக் காப்பியில் சர்க்கரை ஒரு தேக்கரண்டி போதும். ஆரம்பத்துக்கு அதுவே நல்லது.