பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையா? மாற்றுமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

நமது சங்க உறுப்பினர்களில் பலர் இன்று வாடகை வண்டியை நம்பியிராமல் சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருகும்போது 'கடக், கடக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் அன்றைய லைன் முழுவதும் கெட்டுவிடும். "பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்பார்கள். நாமும் போட்டுவிடுகிறோம். எங்கள் மண்டியில் இப்படி ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கினோம்.

முதல் பேட்டரி போட்ட நான்காம் மாதமே மறுபடியும் பழைய கதை. தீபாவளிக்கு முந்தைய வாரம், பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றி நின்ற வண்டி கிளம்பவில்லை. சாத்தூர் கடைக்காரர் இருவர் மதியம் வரை பார்த்துவிட்டு வேறு இடத்தில் சரக்கு எடுத்துக்கொண்டார்கள். டிரைவர் தம்பிதான் வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார் என்று முடிவு கட்டி, கடை ஆட்கள் முன்னிலையிலேயே கோபித்துக்கொண்டோம். "அண்ணாச்சி, நான் சாவியைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் இறங்குவேன்" என்றார். நாங்கள் நம்பவில்லை.

இரண்டாவது பேட்டரியும் படுத்தபின் வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்தோம். என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார். 12.5 வோல்ட். ஆல்டர்னேட்டர் பெல்ட் தொய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டை இழுத்து வைத்ததும் 14.2. வேலை அரை மணி நேரம்கூட இல்லை.

பேட்டரியும் நமது கல்லாப்பெட்டி போலத்தான். காலையில் பணம் இல்லையென்றால் மூன்று காரணம் இருக்கலாம்: வரவு இல்லை, தெரியாமல் செலவாகிறது, அல்லது பெட்டியே ஓட்டை. எது என்று பார்க்காமல் புதுப்பெட்டி வாங்கி என்ன பயன்?

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கடையில் இருப்பது நல்லது. முள்ளை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யுமுன் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் காலி. பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள், 13.8 முதல் 14.5 வரை காட்டினால் வரவு சரி. 13-ஐத் தொடவில்லையென்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஒயர் இவற்றில்தான் கோளாறு. என்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று சோதிப்பது அந்தக் காலத்து வழக்கம். இன்றைய வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகள் எரிந்துபோகும்.

வரவு சரியாக இருந்தும் நம் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கடைக்குக் கடை நிறுத்தி ஒரு நாளில் இருபது முறை ஸ்டார்ட் செய்கிறோம். நடுவில் ஓடுவதோ ஒரு பர்லாங்கு. எடுத்ததைத் திருப்பிப் போட நேரம் போதாது. வாரம் ஒருமுறையாவது நீண்ட ஓட்டம் கொடுங்கள், அல்லது சார்ஜரில் போடுங்கள். 40 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 ஆம்பியர் அளவில் சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏற்றலாம்.

கள்ளச் செலவு என்பது வண்டி நிற்கும்போது கசியும் மின்சாரம். பின்னால் பொருத்திய பாட்டுப்பெட்டி, ஜி.பி.எஸ்., அணையாத கேபின் விளக்கு இவைதான் பெரும்பாலும். நெகடிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் கோத்துச் சில நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் கசிந்தால் மூன்றே நாளில் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறையக் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பும் மின்சாரத்தைத் தடுக்கும். மருந்து நம் கடையிலேயே இருக்கிறது: வெந்நீரில் ஆப்பச் சோடா. நெகடிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சோடாத் தண்ணீர் மூடித் துளை வழியே உள்ளே இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டி, வாசலின் தடவுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன் வாயு.

மேற்கண்ட யாவும் சரியாக இருந்து, முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியே போய்விட்டது. மூடி திறக்கும் வகையென்றால் ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். ஐந்தில் 1.250, ஒன்றில் மட்டும் 1.150 என்றால் அந்த அறை செத்தது. குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ ஆசிடோ கூடாது. காலியாக வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் ஈயச் சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. எங்கள் இரண்டு பேட்டரிகளும் அரைவயிற்றோடு ஓடியே இப்படிச் செத்தன. மின்னணுத் தராசின் சிறு பேட்டரியும் பெரும்பாலும் இதே ஈய வகைதான்.

புதியது வாங்கினால் வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். பழையதைக் காயலான் கடையில் ஆசிடைக் கொட்டிவிட்டு எடைக்குப் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

டிரைவர் தம்பியிடம் அன்றே, அதே கடை ஆட்கள் முன்னிலையில், தவறு எங்களுடையது என்று சொன்னோம். மீட்டர் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் பார்த்த அளவை வண்டி டைரியில் எழுதிவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறார்.