முதல்முறையாக நைரோபி பயணமா? சஃபாரிக்கு முன்னாடி இந்த ஊசியை மறந்துடாதீங்க!

ஆப்பிரிக்கா டூர் என்றதும் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, சஃபாரி ஜீப் என்றுதான் மனசுக்குள் படம் ஓடும். டிக்கெட், ஹோட்டல், கேமரா என எல்லாவற்றையும் யோசிப்பவர்கள்கூட ஒரு சின்ன மஞ்சள் அட்டையை விட்டுவிடுவது உண்டு. கென்யா தலைநகர் நைரோபிக்குப் போய்விட்டு இந்தியா திரும்பும்போது அந்த அட்டை கையில் இல்லையென்றால், ஏர்போர்ட்டில் இருந்து நேராக வீட்டுக்குப் போக முடியாது. 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். அது என்ன அட்டை? நைரோபி பயணத்தை எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

முதல் வேலை தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சர்வதேச சான்றிதழ்தான் அந்த அட்டை. நம்ம ஊர் மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கொசு மூலம் பரவும் வைரஸ் நோய். இந்தியாவில் இந்த நோய் கிடையாது. ஆனால், இதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் இதே கொசுதான். ஒரே ஒரு பயணி மூலம் வைரஸ் உள்ளே வந்தாலும் ஆபத்து என்பதால்தான், மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் உள்ள கென்யாவில் இருந்து வருபவர்களிடம் இந்தியா கறாராகச் சான்றிதழ் கேட்கிறது. 'நைரோபி சிட்டிக்குள்ள மட்டும்தானே சுத்தினோம்' என்று சொன்னாலும் விதி மாறாது.

ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. முன்பதிவு தேவைப்படும் என்பதால், ஒரு மாதம் முன்பே விசாரித்துவிடுவது நல்லது. ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே போட வேண்டும்.

விசா வேண்டுமா?

2024 ஜனவரி முதல் கென்யா விசா முறையைக் கைவிட்டு, 'இடிஏ' எனப்படும் மின்னணு பயண அனுமதியைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட், போட்டோ, டிக்கெட், தங்கும் இட விவரங்களுடன் ஆன்லைனில் விண்ணப்பிக்கணும். குழந்தைகளுக்கும் தனியாக எடுக்க வேண்டும். கென்ய அரசின் இணையதளம் போலவே தோற்றம் தரும் ஏஜென்ட் தளங்கள் கூடுதலாகப் பணம் வாங்குகின்றன. முகவரியைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்க.

எப்போ போகலாம்?

மார்ச் முதல் மே வரை பெருமழை. அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை சிறுமழை. ஜனவரி, பிப்ரவரியும், ஜூன் முதல் செப்டம்பர் வரையும் ஊர் சுற்ற ஏற்றவை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, கொளுத்துமோ என்று பயப்பட வேண்டாம். நைரோபி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,795 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது ஏற்காட்டைவிட உயரம். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் ஸ்வெட்டர் கட்டாயம் தேவைப்படும்.

என்னென்ன பார்க்கலாம்?

நகர மையத்தில் இருந்து 7 கிலோமீட்டர் தூரத்திலேயே நைரோபி தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1946-இல் தொடங்கப்பட்ட, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா இது. பின்னால் உயரமான கட்டடங்கள், முன்னால் சிங்கமும் காண்டாமிருகமும் என்ற காட்சி இங்கே கிடைக்கும். காட்டு யானைகள் மட்டும் இங்கே இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது, பூங்காவை ஒட்டியுள்ள ஷெல்ட்ரிக் யானைக்குட்டிகள் காப்பகம். தினமும் காலை 11 முதல் 12 மணி வரை ஒரு மணி நேரம்தான் அனுமதி, அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே. ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் உணவு ஊட்டும் ஜிராஃப் சென்டரும் அதே பக்கம் என்பதால், மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். விடியற்காலையில் பூங்கா, 11 மணிக்கு யானைக்குட்டிகள், மதியம் ஒட்டகச்சிவிங்கி என்ற வரிசை வசதியானது.

ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1899-இல் ரயில் பாதைக்கான முகாமாகத் தொடங்கியதுதான் இந்த நகரமே. அந்தப் பாதையைப் போட பிரிட்டிஷார் பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். இன்று சப்பாத்தியும் சமோசாவும் கென்யாவின் அன்றாட உணவு. பார்க்லேண்ட்ஸ் பகுதியில் சைவ உணவகங்கள் நிறைய இருப்பதால், சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

* பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை. தேசியப் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதி இல்லை. ஸ்டீல் பாட்டில் எடுத்துச் செல்லுங்க.
* 'மடாடு' எனப்படும் தனியார் மினி பஸ்கள் மலிவு. ஆனால் ஊர் தெரியாதவர்களுக்கு ஆப் டாக்சிதான் பாதுகாப்பு. டிராஃபிக் நெரிசல் அதிகம், ஏர்போர்ட்டுக்கு முன்கூட்டியே கிளம்பணும்.
* இருட்டிய பிறகு நகர மையத்தில் நடந்து போவதையும், ரோட்டில் நின்று போன் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.
* நம்ம ஊர் சார்ஜர் அங்கே பொருந்தாது. மூன்று சதுர முனை கொண்ட பிரிட்டிஷ் வகை அடாப்டர் தேவை.
* நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.

ஆக, திட்டமிடும் வரிசை இதுதான்: முதலில் ஊசிக்குத் தேதி, அடுத்து டிக்கெட், ஹோட்டல், அதன்பிறகு இடிஏ, கடைசியாக யானைக்குட்டிகளைப் பார்க்க முன்பதிவு. மஞ்சள் அட்டையை லக்கேஜில் போடாமல், பாஸ்போர்ட்டுடன் சேர்த்துக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்க.