ஏரித் தீவுக்குப் போக ஏற்ற வேளை எது?

ஆப்பிரிக்காவின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டின் மீது விரலை வைத்து, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்த்துங்கள். கண்டத்தின் கிழக்குப் பகுதியை அடையும்போது விரல் ஒரு பெரிய நீலப் பரப்பின் மீது செல்லும். அதுதான் விக்டோரியா ஏரி. இதன் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்! உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் இதனைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்த ஏரிக்குள் பல தீவுகள் உள்ளன. வடமேற்கில் உகாண்டாவுக்குச் சொந்தமான சேசே தீவுக்கூட்டம். அதில் மட்டும் 84 தீவுகள். தெற்கே தான்சானியாவின் உகெரெவே. கிழக்கே கென்யாவின் இம்ஃபங்கானோ. பசுமையான காடும் வெண்மணற் கரையும் கொண்ட சேசே தீவுகளைக் காணப் பலரும் செல்கின்றனர். அப்படிச் செல்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "எப்போது போனால் நல்லது?" என்பதுதான்.

கேள்வி எளிது. ஆனால் விடை சொல்ல இயற்பியல் தேவைப்படுகிறது. நீங்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படித்த இயற்பியலே போதும்.

மாதக் கணக்கு

"கோடையில் போகலாம்" என்ற விடை இங்கே செல்லாது. நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். வெப்பநிலையும் மாதத்துக்கு மாதம் அதிகம் மாறுவதில்லை. அங்கே பருவத்தைப் பிரித்துக் காட்டுவது வெப்பமன்று, மழையே.

மார்ச் 21-ஐ ஒட்டியும் செப்டம்பர் 23-ஐ ஒட்டியும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. அப்போது நிலம் நன்கு சூடேறுகிறது. சூடான காற்று இலேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று வந்து கூடுகிறது. கூடிய காற்றும் மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகிறது. இப்படி உண்டாகும் மழைப் பட்டை சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகர்கிறது. ஆனால் சற்றே பின்தங்கி நகர்கிறது. அடுப்பை ஏற்றியவுடன் தண்ணீர் கொதித்துவிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே சேசே தீவுகளுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் மழை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழைப் பட்டை வடக்கே போய்விடுவதால் மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் ஓரளவு குறையும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தெற்கிலிருந்து வலுவான காற்று வீசி ஏரியில் அலைகளை எழுப்பும். வானம் தெளிவாக இருப்பதால் நீரும் அமைதியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மணிக் கணக்கு

மாதத்தைத் தேர்ந்தாயிற்று. இனி எந்த மணிக்குப் படகேறுவது? பயணிகள் பெரும்பாலும் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. ஆனால் உயிர் காப்பது இதுவே.

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மணலுக்கோ ஏறத்தாழ 800 ஜூல் போதும். எனவே பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. இரவில் விரைவில் குளிர்கிறது. ஏரியோ பகலிலும் இரவிலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று உயர்ந்து செல்ல, ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசும். கடற்கரை ஊர்களில் பிற்பகலில் உணரும் கடற்காற்றும் இதுவேதான். அப்போது மழை மேகங்கள் கரை நிலத்தின் மேல் வளரும். ஏரியின் நடுப்பகுதி பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

சூரியன் மறைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,134 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சுற்றியுள்ள நிலம் இரவில் நன்கு குளிர்ந்துவிடுகிறது. இப்போது ஏரிதான் சூடான பகுதி. குளிர்ந்த காற்று நிலத்திலிருந்து ஏரியை நோக்கி வீசுகிறது. ஏரி ஓரளவு வட்டமாக இருப்பதால், நாற்புறமிருந்தும் வரும் காற்று நடு ஏரியில் சந்திக்கிறது. சந்தித்த காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டுமே. அது ஏரியின் நீராவியையும் சுமந்துகொண்டு எழுகிறது. ஒவ்வொரு கிலோகிராம் நீராவியும் நீர்த்துளிகளாக மாறும்போது சுமார் 24 இலட்சம் ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் உயரத் தள்ளுகிறது. விளைவு, நள்ளிரவில் இடியும் மின்னலும் சூறைக் காற்றும்!

ஒரே ஏரி, இரு கரைகள்

இந்த இரவு மேகங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேலே பொதுவாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று அவற்றை மேற்கு நோக்கித் தள்ளுகிறது. ஆகையால் வடமேற்குக் கரையிலுள்ள என்டெபே நகரில் இடிமழை பெரும்பாலும் விடியலிலும் காலையிலும் பெய்கிறது. கிழக்குக் கரையிலுள்ள கிசுமு நகரில் நிலைமை வேறு. பகலில் வீசும் ஏரிக்காற்று அங்கே எதிரே வரும் கிழக்குக் காற்றோடு மோதுகிறது. அப்பால் உயர்ந்த மேட்டு நிலமும் உள்ளது. எனவே அங்கு மழை பிற்பகலிலும் மாலையிலும் பெய்கிறது.

ஆகவே எல்லாத் தீவுகளுக்கும் பொருந்தும் ஒரே நல்ல வேளை என்று ஒன்று கிடையாது. என்டெபேயிலிருந்து சேசேக்குச் செல்பவர் காலை இடிமழை ஓய்ந்த பின் புறப்பட்டு, இருட்டுவதற்கு முன் கரை சேர்வது நல்லது. கென்யக் கரையிலிருந்து இம்ஃபங்கானோவுக்குச் செல்பவர் ஏரிக்காற்று வலுப்பதற்கு முன், காலையிலேயே பயணத்தை முடித்துக்கொள்வது நல்லது.

வேளையைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்

பயணி நாளைக்குப் போகலாம் என்று தள்ளிவைக்கலாம். மீனவரால் அது முடியாது. இந்த ஏரியில் விரல் நீளமுள்ள ஒரு சிறு வெள்ளி நிற மீன் ஏராளமாகக் கிடைக்கிறது. தான்சானியாவில் அதை டாகா என்பார்கள்; கென்யாவில் ஒமெனா; உகாண்டாவில் முகெனே. ஏழைகளின் புரத உணவு அது. நிலவில்லாத இரவுகளில் விளக்கைக் காட்டினால் அந்த மீன் ஒளியை நாடிக் கூட்டமாக வரும். எனவே மீனவர் இருட்டு இரவில், நடு ஏரியில், சிறு மரப்படகில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதாவது, புயல் மேகங்கள் கூடும் அதே நேரத்தில், அதே இடத்தில்! இந்த ஏரியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் உயிரிழப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

பெல்ஜியத்தைச் சேர்ந்த விம் தியரியும் அவருடன் பணியாற்றிய அறிவியலாரும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புவி வெப்பமடைய அடைய, இந்த இரவுப் புயல்கள் மேலும் கடுமையாகும் என்று அது கூறுகிறது. அவர்களது ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பிற்பகலில் சுற்றியுள்ள நிலத்தின் மேல் இடிமழை பலமாக இருந்தால், அன்றிரவு ஏரியில் கடும் புயல் வரும் வாய்ப்பு மிகுதி. செயற்கைக்கோள் வாயிலாக அந்த மேகங்களைக் காணலாம். அப்படியானால் மீனவர் வலையை எடுக்கும் முன்பே எச்சரிக்க முடியும்.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 20-ஆம் நாள் பிற்பகலில், உகெரெவேயிலிருந்து அருகிலுள்ள உகாரா தீவுக்குச் சென்ற நியெரெரே என்ற பயணிகள் படகு கரைக்கு அருகிலேயே கவிழ்ந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். படகில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். வேளை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. படகின் பாரமும் அளவோடு இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தகரக் குவளைகளில் சம எடையுள்ள உலர்ந்த மணலையும் நீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வெப்பமானிகளைப் பொருத்தி, காலை முதல் வெயிலில் வையுங்கள். மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். இரவு ஒன்பது மணி வரை இதைத் தொடருங்கள். பின்பு இரண்டையும் ஒரே வரைபடத்தாளில் வரையுங்கள். பகலில் மணலின் கோடு மேலே இருக்கும். மாலையில் ஓரிடத்தில் இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும். விக்டோரியா ஏரியில் காற்று திசை மாறத் தொடங்குவதும் இத்தகைய ஒரு வேளையில்தான். உங்கள் குவளைகளில் அது எத்தனை மணிக்கு நிகழ்கிறது?