கஷாயமும் ரத்தப் பரிசோதனையும்

உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று எங்கு நோக்கினும் தொழிற்சாலைகள். தென் ஜில்லாக்களிலிருந்தும், ஒடிஸா, பீஹார் முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஓர் அறையில் நாலைந்து பேராகக் குடியிருந்து, ஷிப்டு முறையில் இரவும் பகலும் உழைக்கிறார்கள். மழைக்காலத்தில் இவர்களுக்குப் பெரிய சத்துரு டெங்குக் கொசு. பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய தெளிந்த நீரில் அது பிறக்கிறது, பகலில் கடிக்கிறது. இரவு வேலை முடிந்து பகலில் உறங்குகிறவனைக் காட்டிலும் அதற்கு நல்ல விருந்து வேறென்ன வேண்டும்?

2012-ஆம் ஆண்டில் இந்த ஜுரம் தமிழ்நாடெங்கும் பரவியபோது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகிய ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. (கசப்பைப் பற்றிக் குழந்தைகளைக் கேளுங்கள்!) சுதேச வைத்தியத்துக்குச் சர்க்கார் ஆதரவு அவசியமென்று உஸ்மான் கமிட்டி அறிக்கை வெளியிட்டது 1923-இல். இங்கிலீஷ் வைத்திய ஆஸ்பத்திரியின் வாசலில் கஷாய அண்டா வைக்கப்படுமென்று அன்று யார் கனவு கண்டிருப்பார்கள்? நமக்குப் பெருமைதான்.

ஆயினும், அண்டாவை வைத்துவிட்டால் போதுமா? டெங்குவில் மெய்யான அபாயம் ஜுரம் இறங்கும் சமயத்தில்தான் நேரிடுகிறது. ஜுரம் இறங்கியதும், "கஷாயம் கேட்டுவிட்டது" என்று எண்ணி வாலிபன் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் ரத்தம் இவை கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அப்பொழுது உயிரைக் காப்பது தக்க அளவில் உடலில் ஏற்றும் திரவமே.

சீன தேசத்துத் தூ யூயூ அம்மையார் பழைய வைத்திய நூலொன்றில் கண்ட ஜுர மூலிகையைச் சோதனைச் சாலையில் பலவாறு பரீட்சித்து மலேரியாவுக்கு மருந்து கண்டார். அது ஆப்பிரிக்காவில் எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நிலவேம்பையும் அவ்வாறு பரீட்சை செய்யவேண்டுமென்று கேட்பவரைத் தேசத் துரோகி போல் பார்ப்பது நமக்குச் சம்மதமில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இத்தொழிற்சாலைகளுக்கு அதிக தூரத்தில் இல்லை. அதுவரையில், கஷாயம் ஊற்றுகிறவர் ஜுரம் தொடங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி, அவனை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். சித்த வைத்தியரும் டாக்டரும் அந்த ஒரே சீட்டைப் பார்க்கட்டும்.