தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! ‘டீ ட்ரீ’ எண்ணெய் வாங்குவோர் கவனத்திற்கு

கொல்கத்தாவில் மழை நாலு மணி நேரம் விடாமல் பிடித்தால் போதும், ஆம்ஹர்ஸ்ட் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிடும். ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவானாலும் மூட்டை தூக்கும் தொழிலாளியானாலும் அதில் இறங்கித்தான் ஆகவேண்டும். நனைந்த காலுறையோடு நாளைக் கழித்தால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து அரிக்கிறது. இதற்கென்று நம்மவர்களில் சிலர் ‘டீ ட்ரீ ஆயில்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். விரல் நீளச் சீசாவுக்குக் கொடுக்கும் பணம் சும்மா வருவதல்ல. ஆகவே எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்

1861-லேயே தேயிலை ஏலம் தொடங்கிய ஊர் இது. அதனால் டார்ஜிலிங் தேயிலையிலிருந்து இந்த எண்ணெய் எடுக்கப்படுகிறது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. இது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வளரும் வேறொரு மரத்தின் எண்ணெய். 1770-ல் அந்தக் கரையில் இறங்கிய கேப்டன் குக்கின் ஆட்கள் அங்கிருந்த இலையைக் காய்ச்சித் தேநீர் போலக் குடித்ததால் இப்பெயர் வந்தது என்பார்கள். உறவு என்று பார்த்தால், நம் நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸ்தான் இதற்குப் பங்காளி. ‘டீ சீட் ஆயில்’ என்பது வேறு. அது விதையை ஆட்டி எடுக்கும் எண்ணெய். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பலன் உண்டா?

1920-களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்டு என்ற ரசாயன நிபுணர் இதன் கிருமி கொல்லும் சக்தியை ஆராய்ந்து எழுதினார். 2002-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சேற்றுப்புண் கண்ட 158 பேரிடம் 25, 50 சதவீதக் கரைசல்களைச் சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் கரைசலைவிட நல்ல குணம் தெரிந்தது. ஆனால் சிலருக்குத் தோல் சிவந்து புண்ணானதும் உண்டு. எனவே பலன் உண்டு, பயமும் உண்டு.

சீட்டைப் படியுங்கள்

முகவரி எழுதாத மூட்டையை எந்தப் பார்சல் ஆபீசிலும் ஏற்கமாட்டார்கள். சீசாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ரவீந்திர சரணியின் அத்தர் கடையானாலும், லேக் மார்க்கெட் மருந்துக் கடையானாலும் விதி ஒன்றே. ‘மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா’ என்ற தாவரப் பெயர் முழுமையாக அச்சாகியிருக்க வேண்டும். ‘மெலலூக்கா’ என்று மட்டும் இருந்தால் போதாது; அந்த இனத்தில் பல மரங்கள் உண்டு, எண்ணெயும் வெவ்வேறு. தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவையும் வேண்டும்.

தரத்துக்கு உலக அளவுகோல் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 4730 என்று பெயர். 2017-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, எண்ணெயில் ‘டெர்பினென்-4-ஆல்’ என்ற சத்து 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும். ‘சினியோல்’ 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சினியோல்தான் நீலகிரித் தைலத்தின் வாசனை. சீசாவைத் திறந்ததும் அந்த வாசனையே தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள்.

நூறு கிலோ இலையைக் காய்ச்சி வடித்தால் ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். அரை லிட்டர் அடிமாட்டு விலைக்கு வந்தால், உள்ளே இருப்பது என்னவென்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சீசாவும் பேசும்

காற்றும் வெளிச்சமும் பட்டால் இந்த எண்ணெய் கெடும். கெட்ட எண்ணெய்தான் தோலில் ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குகிறது. ஆகவே பழுப்புக் கண்ணாடிச் சீசாவே நல்லது. வெயில் படும் அலமாரியில் காட்சிக்கு வைத்த சீசாவும், பெரிய டின்னிலிருந்து சில்லறையாக ஊற்றித் தருவதும் வேண்டாம். மலிவு என்று பெரிய சீசா வாங்கி வருஷக் கணக்கில் வைத்திருப்பதைவிட, சிறியதாக வாங்கிச் சீக்கிரம் தீர்ப்பதே சிக்கனம்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை பெரிதாகத் தங்கினால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். ஆனால் ஆவியாகிவிடும் கலப்படத்தை இது காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. அந்த அறிக்கையைக் கேட்டால் காட்டும் தயாரிப்பாளரை நம்பலாம்.

ஜாக்கிரதை!

இதை ஒருபோதும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒற்றை அறையில் குடும்பம் நடத்துவோர், இருமல் மருந்து வைக்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள்.

அப்படியே பூசுவதும் தவறு. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஐந்து சொட்டு கலந்தால் ஏறக்குறைய 5 சதவீதம். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களும், கால் வீங்கிச் சீழ் பிடித்தவர்களும் எந்த எண்ணெயையும் நம்பி நாள் கடத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். அதற்குக் காசு செலவில்லை; அதைச் செய்யாதவருக்கு விலை உயர்ந்த எண்ணெயும் உதவாது.