புகைக்குழாய்க்கு ஏற்ற உலோகம் எது?

செனாவாங் என்றவுடன் இன்றைய இளைஞர் கண்முன் நிற்பவை தொழிற்சாலைகளும், வீடமைப்புப் பகுதிகளும், சிரம்பானைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையும் ஆகும். அவர்தம் பாட்டன் பாட்டியர் கண்முன் நின்றதோ இரப்பர்த் தோட்டம். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து, ஆசிட் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்திய தலைமுறை அது. உலோகங்களைப் பற்றி அவர்கள் நூல் கற்றவரல்லர். ஆயினும் இரப்பர்ப் பாலுக்கு அருகே செம்பை அண்டவிடலாகாது என்பது அவ்வாலைகளில் நன்கறியப்பட்ட விதி. செம்பும் மாங்கனீசும் இரப்பருக்குப் பகை; சிறிதளவு கலந்தாலும் தகடு நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். பால் உறையும் தொட்டிகளை அலுமினியத்தால் செய்யும் வழக்கம் பரவியதற்கும் இத்தகைய பொருத்தமே காரணம்.

செம்பு அலுமினியத்தினும் விலை மிக்கது. ஆனால் அந்த இடத்திற்கு அது ஆகாது. பொருளைத் தெரிந்தெடுக்கும் கலையின் முதற்பாடம் இதில் அடங்கியிருக்கிறது. இந்தப் பாடத்தை மறந்து, தோட்டத்தவரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் பணத்தை இழக்கின்றனர். டர்போ பூட்டிய காருக்குப் புகைக்குழாய் மாற்றுவதைச் சொல்கிறேன். "எது விலை கூடியதோ அதைப் போடுங்கள்" என்பார் சிலர். "எது மலிவோ அது போதும்" என்பார் வேறு சிலர். இருவரும் கேட்கத் தவறிய கேள்வியை இங்கு ஆராய்வோம்.

டர்போ என்பது யாது?

பெட்ரோல் எரிந்தபின் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையோடு, அந்த எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. இவ்வீணாகும் ஆற்றலைக் கொண்டே எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தலாமே என்று எண்ணியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. 1905-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றும். மற்றது அதனுடன் சேர்ந்து சுழன்று வெளிக்காற்றை உள்ளே திணிக்கும். கூடுதல் காற்று புகுவதால் கூடுதல் எரிபொருள் எரிகிறது; சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்கிறது. இச்சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல வல்லவை.

1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல், செவர்லே ஆகிய நிறுவனங்கள் டர்போ பூட்டிய கார்களை விற்பனைக்குக் கொணர்ந்தன. மலேசியாவில் 2011-இல் புரோட்டோன் எக்சோரா போல்ட், 2021-இல் பெரோடுவா அத்திவா ஆகியவை டர்போவைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டன. எனவே இது பந்தயக்காரரின் பேச்சு மட்டும் அன்று.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசனுக்குச் சொன்ன அம்மூன்றும் உலோகத்தைத் தேர்பவனுக்கும் பொருந்தும். அவ்வரிசையிலேயே காண்போம்.

வலியறிதல்: வெப்பத்தைத் தாங்கும் வலி

பெட்ரோல் டர்போ காரை முழுவிசையில் ஓட்டும்போது, சுழலிக்குள் நுழையும் புகையின் வெப்பம் 950 பாகை செல்சியசை எட்டும். சில எஞ்சின்களில் அதையும் தாண்டும். சுழலியைச் சுற்றும் வேலையில் புகை தன் வெப்பத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. ஆயினும் சுழலியை அடுத்துக் கீழே இறங்கும் குழாயில் 700, 800 பாகை இருப்பது வியப்பன்று. காரின் பின்புறத்தை அடைவதற்குள் அது 200 முதல் 400 பாகை அளவிற்குத் தணிந்துவிடும்.

சாதாரண எஃகு 500 பாகையைக் கடந்தால் விரைவாகச் செதிலுரிந்து மெலிகிறது. அலுமினியப் பூச்சிட்ட எஃகு அதனினும் மேலானது. எனினும் அலுமினியம் 660 பாகையில் உருகும் உலோகம் என்பதை நினைவிற்கொண்டால், சுழலிக்கு அருகில் அதற்கு இடமில்லை என்பது தானே விளங்கும்.

இனித் துருவேறா எஃகு. நம் அடுக்களையில் எவர்சில்வர் என்று வழங்கும் இவ்வுலோகத்தின் வரலாறு சுவையானது. 1913-இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழலைச் சுடுவாயு அரித்துத் தின்பதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அம்முயற்சியில் குரோமியம் மிகுதியாகக் கலந்த எஃகை உருக்கினார். அது துருப்பிடிக்காதிருப்பதைக் கண்டார். ஆக, சோற்றுத் தட்டாக நாம் அறிந்த உலோகம், சுடுவாயு ஓடும் ஒரு குழாயைப் பற்றிய கவலையில் பிறந்ததே ஆகும்.

துருவேறா எஃகிலும் பல இனங்கள் உண்டு. 409 என்னும் எண்ணுடையதில் குரோமியம் ஏறத்தாழ 11 விழுக்காடு. நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். 304 என்பதில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. முன்னது தொடர்ந்து 700 பாகை அளவு வெப்பத்தைத் தாங்கும். பின்னது அதனினும் நூறு பாகைக்கு மேல் தாங்கும்.

அப்படியானால் 304-ஏ எங்கும் சிறந்ததா? இல்லை. சூடேறினால் உலோகம் நீளும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். எவ்வளவு நீளும் என்பதே கேள்வி. ஒரு மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 30 பாகையிலிருந்து 630 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். 409 குழாயோ ஏறத்தாழ 7 மில்லிமீட்டரே நீளும். ஒவ்வொரு பயணத்திலும் நீண்டு, ஒவ்வொரு இரவும் சுருங்கும் குழாயை இரு முனைகளிலும் இறுகக் கட்டிவைத்தால் அது எங்கேனும் வெடித்தே தீரும். பெரும்பாலும் பற்றவைத்த இடத்தில் வெடிக்கும். ஆதலின் 304 பூட்டுவோர் இடையே நெளிகுழாய் ஒன்று வைப்பது இன்றியமையாதது.

காலமறிதல்: துருவின் பொறுமை

வெப்பத்தைத் தாங்கிய குழாயை நீர் தின்றுவிடுகிறது. நெருப்புக் குழாயில் நீர் எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குழாய் நன்கு சூடேறியிருந்தால் ஆவி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து பள்ளிக்குமாகச் சிறுதொலைவே ஓடும் காரில், பின்புறத்து ஒலியடக்கி சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி அங்கேயே குளிர்ந்து நீராகிறது; புகையிலுள்ள அமிலப் பொருள்கள் அதில் கரைகின்றன. இரவு முழுதும் அந்நீர் உள்ளிருந்தே அரிக்கிறது. நீண்ட பயணம் போகும் காரினும் அருகில் ஓடும் காரின் ஒலியடக்கி முன்னதாக ஓட்டையாவதன் காரணம் இதுவே.

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவர். அங்கே குழாய் வெளியிலிருந்தும் அரிக்கப்படும். நமக்கு அத்துன்பம் இல்லை. போர்ட் டிக்சன் கடலோரத்தில் வாழ்வோர்க்கு மட்டும் உப்புக்காற்று உண்டு. எனவே மேலைநாட்டார் எழுதிய அறிவுரைகளை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. செனாவாங்வாசியின் காருக்குப் பின்பகுதியில் 409 எஃகோ, அலுமினியப் பூச்சிட்ட எஃகோ பல ஆண்டுகள் உழைக்கும். 409-இன் மேற்பரப்பு பழுப்பேறும். அது தோற்றக் குறையேயன்றி வலிமைக் குறையன்று.

இனி, காலம் காட்டிக்கொடுக்கும் மற்றொரு குறை. 304 எஃகு 425 முதல் 860 பாகை வரையுள்ள வெப்பத்தில் நீண்டநேரம் இருந்தால், அதிலுள்ள கரி குரோமியத்துடன் கூடி, உலோக மணிகளின் ஓரங்களில் ஒதுங்கிவிடும். அவ்வோரங்கள் குரோமியத்தை இழப்பதால் அங்கே துரு புகும். டர்போவை அடுத்த குழாய் நாள்தோறும் இருப்பது இந்த வெப்பத்திலேதான்! இதற்கு மாற்றாக வந்ததே 321 என்னும் இனம். சிறிதளவு டைட்டேனியம் சேர்த்து, கரியை அது பிடித்துக்கொள்ளுமாறு செய்துள்ளனர். 321 கிட்டாதபோது, கரி குறைந்த 304 எல் என்பதைக் கேட்டுப் பெறலாம்.

இடனறிதல்: ஒரு குழாய், பல இடம்

இதுவரை கண்டவற்றால் புலப்படுவது யாதெனில், புகைக்குழாய் என்பது பெயரளவில் ஒன்றாயினும், வேலையளவில் ஒன்றன்று. முன்பகுதியின் பகை வெப்பம். பின்பகுதியின் பகை நீர்.

எஞ்சினையும் டர்போவையும் இணைக்கும் கிளைக்குழாயில் வெப்பம் உச்சத்தில் இருக்கும். டர்போவின் எடையும் அதன்மேல் தொங்கும். இங்கே தொழிற்சாலைகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பையே வைக்கின்றன. சிலிக்கானும் மாலிப்டினமும் சேர்த்த வார்ப்பிரும்பு ஏறத்தாழ 850 பாகை வரையிலும், நிக்கல் மிகுந்தது அதற்கு மேலும் தாங்கும். கனமான, அழகற்ற இப்பகுதியைப் பளபளக்கும் மெல்லிய குழாயாக மாற்ற விரும்புவோர், தக்க காரணமின்றி அதைச் செய்யாதிருப்பது நன்று.

டர்போவிலிருந்து இறங்கும் குழாய்க்கு 321 அல்லது 304 எல் ஏற்றது. பந்தயக் கார்களில் நிக்கல் மிக்க இன்கொனெல் பயன்படுகிறது; சாலையில் ஓடும் காருக்கு அது தேவைக்கு மிஞ்சியது. இடைப்பகுதிக்கு 409 அல்லது 304. பின்பகுதிக்கு மேற்சொன்னவாறு எதுவும் ஆகும்.

டைட்டேனியத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அதன் தாதுவாகிய இல்மனைட் நமக்கு அயலதன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் அது உண்டு. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சிய ‘அமாங்’ என்னும் கரும்மணலிலும் அது உண்டு. டைட்டேனியம் எஃகின் எடையில் ஐந்தில் மூன்று பங்கிற்கும் குறைவானது; உப்புநீரும் அதை எளிதில் தீண்டாது. ஆயின் வெப்பம் 600 பாகையை நெருங்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிசனை உள்வாங்கி நொறுங்கும் இயல்பை அடைகிறது. எனவே விலை மிக்க இவ்வுலோகம் குளிர்ந்த பின்பகுதிக்கே உரியது; டர்போவின் வாயிலில் வைப்பது, இரப்பர்ப் பாலைச் செம்புக் குடத்தில் ஊற்றியது போலாகும்.

பட்டறைக்குச் செல்லுமுன்

"காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல்" என்று பட்டறைகளில் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. 409 உண்மையான துருவேறா எஃகே. ஆயினும் அதில் காந்தம் ஒட்டும். மாறாக, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 201 என்னும் மலிவான இனத்திலும், 304-இல் போலவே, காந்தம் ஒட்டுவதில்லை. காந்தத்தை மட்டும் நம்பி 304-இன் விலையைக் கொடுத்து 201-ஐப் பெறுவோர் உண்டு. ஆதலின் இனத்தின் எண்ணைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதே முறை.

அடுத்தது பற்றவைப்பு. துருவேறா எஃகைப் பற்றவைக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கன் வாயுவை நிரப்பவேண்டும். நிரப்பாவிடில் உள்ளே கருமையான, சர்க்கரைப் பொருக்குப் போன்ற படிவு உண்டாகும். டர்போவுக்கு முன்னுள்ள குழாயில் அப்பொருக்கு உதிர்ந்தால், இலட்சம் சுற்றில் சுழலும் சக்கரத்தில் போய் மோதும். நூறு வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் டர்போவையே இழக்க நேரும்.

துத்தநாகப் பூச்சிட்ட நீர்க்குழாயை வளைத்துப் புகைக்குழாயாக்குவது எவ்வகையிலும் தகாது. துத்தநாகம் 419 பாகையில் உருகும். பற்றவைக்கும்போது எழும் அதன் புகை, தொழிலாளிக்குக் குளிர்க்காய்ச்சலை உண்டாக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. எந்த உலோகமாயினும், இணைப்பில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்கும் குழந்தையை உறக்கத்திலேயே கொன்றுவிடும். நச்சுநீக்கிப் பெட்டியை அறுத்தெறிவது பிறர் மூச்சுக்கும் கேடு. ஒலியடக்கியை நீக்கி ஊரை அலறவைப்பதற்கும் தடையுண்டு. 1987-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓசை விதிகள் ஓசைக்கு வரம்பு கட்டியுள்ளன.

இவற்றைத் தமிழாசிரியர் ஏன் அறியவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகளுள் பலர் பட்டறைத் தொழிலை மேற்கொள்கின்றனர். அவர்கள் கையாளும் இரும்புக்கும் எஃகுக்கும் இயல்பு என்ன என்பதைத் தாய்மொழியில் விளக்குவார் அரியர். எவர்சில்வர்த் தட்டையும் காந்தத் துண்டையும் வகுப்பிற்கு எடுத்துச் சென்று, "இது ஏன் ஒட்டவில்லை?" என்று ஒரு வினா எழுப்பினாலே போதும், உலோகப் பாடம் தொடங்கிவிடும். பாட்டன் பால் தொட்டியருகே கைக்கொண்ட பொருத்தம் பார்க்கும் அறிவு, பேரன் பற்றவைக்கும் குழாயிலும் துணைநிற்க வேண்டும். அதற்கு வழிசெய்வது ஆசிரியர் கடனே.